கணக்குப் பார்க்காதவர் யாருமில்லை

"கணக்கையெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்குவாருங்க. தொழிலுக்கு அனுபவம்தான் வேணும்." கொங்கு நாட்டுத் தொழில் சங்கக் கூட்டங்களில் இதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். பத்தாம் வகுப்பு தாண்டாதவர் சில ஆயிரம் ரூபாயோடும் துணிச்சலோடும் தொடங்கிப் பல கோடிக்கு வளர்ந்த கதை அடுத்து வரும். படித்துவிட்டு வந்த மகன் எக்செல் போட்டுப் பார்த்து, இருந்த தொழிலையும் படுக்கவைத்த கதை அதற்கும் அடுத்து வரும். இரண்டிலும் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவு தவறு. அனுபவமா கணக்கா என்று கேட்பதே தவறு.

கணக்குப் பார்க்காமல் தொழில் நடத்துபவர் என்று ஒருவர் கிடையாது. 'மனசுக்குப் பட்டது, செய்தேன்' என்பவரும் ஒரு கணக்கு போட்டுத்தான் செய்கிறார். அதைத் தாளில் எழுதுவதில்லை. எழுதாததால் அதிலுள்ள பிழை அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை, மற்றவர் திருத்தவும் வழியில்லை.

திருப்பூரில் பவர்டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கும் ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் வசதிக்காகப் போட்டவை. நடப்பு அங்கே எல்லோருக்கும் தெரிந்தது. வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், மிஷின் தவணை என்று வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் மாதம் 2,40,000 ரூபாய் போகிறது. டெய்லருக்குப் பீஸ் ரேட், தையல் நூல், கரண்ட், வண்டி எல்லாம் சேர்ந்து ஒரு பீஸுக்கு 11 ரூபாய். மாதம் 40,000 பீஸ் ஓடினால் நிலைச் செலவு பீஸுக்கு 6 ரூபாய் விழும், அடக்கம் 17. பார்ட்டி கொடுக்கும் ரேட் 19. மாதம் 80,000 ரூபாய் நிற்கிறது.

சீசன் மந்தமாகி 24,000 பீஸுக்கு இறங்குகிறது. முதலாளி மனக்கணக்குப் போடுகிறார்: நிலைச் செலவு இப்போது பீஸுக்கு 10, அடக்கம் 21. அந்த நேரம் பார்த்துப் புதுப் பார்ட்டி ஒருவர் 10,000 பீஸோடு வருகிறார். ரேட் 15தான் என்கிறார். "இந்த ரேட்டுக்குக் கட்டாதுங்க" என்று அனுப்பிவிடுகிறார். பீஸுக்கு 6 ரூபாய் நஷ்டத்தைத் தவிர்த்துவிட்டோம் என்று அவருக்கு நினைப்பு.

உண்மையில் அவர் தள்ளிவிட்டது 40,000 ரூபாயை. வாடகையும் தவணையும் இந்த ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் போகத்தான் போகின்றன. புதிதாகக் கைவிட்டுப் போவது 11 ரூபாய், வருவது 15. மீதி 4 ரூபாய் வீதம் 10,000 பீஸுக்கு 40,000. ஆர்டர் இல்லாமல் அந்த மாதம் நஷ்டம் 48,000, எடுத்திருந்தால் 8,000. 21 ரூபாய் அடக்கம் என்று அவர் நம்பிய எண், மிஷின் சும்மா கிடப்பதற்கான தண்டனையைத் தைக்கிற பீஸ்மேல் ஏற்றியதால் வந்தது. வேலை குறையக் குறைய அந்த எண் ஏறும். அது ஏற ஏற இன்னும் வேலையைத் தள்ளிவிடச் சொல்லும். இப்படியே மூடிய யூனிட்டுகள் உண்டு.

இங்கே அனுபவசாலி ஒரு பதில் வைத்திருப்பார். "15க்குத் தைச்சுக் கொடுத்தது பழைய பார்ட்டி காதுக்குப் போனா, அவனும் 15தான் கொடுப்பான்." மிகச் சரியான பேச்சு. அதையும் கணக்கில் ஏற்றுவோம். 40,000 பீஸும் 15 ரூபாய்க்கே போனால் பீஸுக்கு 4 வீதம் 1,60,000தான் வரும். நிலைச் செலவு 2,40,000. மாதம் 80,000 லாபம் 80,000 நஷ்டமாகிவிடும். ஆகவே அந்த 15 ரூபாய் ஆர்டரை எடுப்பதா என்பது, சேதி வெளியே கசியுமா, வேறு லேபிள், வேறு சரக்கு என்று பிரித்துக் காட்ட முடியுமா என்பதைப் பொறுத்தது. அதைச் சொல்லும் இடத்தில் அனுபவம் இருக்கிறது. 21 ரூபாய் அடக்கம் என்ற கற்பனை எண்ணை வைத்துச் சண்டை போடும்வரை அந்த நல்ல கேள்வி எழுவதே இல்லை.

அடுத்தது பேக்கரி. "வந்த கஸ்டமர் இல்லைன்னு திரும்பிப் போகக் கூடாது" என்பது கல்லாவில் உட்காரும் எல்லோருக்கும் வேதவாக்கு. முட்டை பஃப்ஸ் ஒன்றின் அடக்கம் 14 ரூபாய், விலை 20, மிஞ்சினால் இரவில் குப்பைக்கு என்று வையுங்கள். பத்து நாள் கேட்பு, சிறிதிலிருந்து பெரிதாக: 52, 58, 61, 66, 70, 74, 78, 83, 88, 90. சராசரி 72. யாரும் திரும்பிப் போகக் கூடாதென்று தினமும் 90 போட்டால் பத்து நாளில் மிஞ்சும் லாபம் 1,800 ரூபாய். சராசரியை நம்பி 72 போட்டால் 3,260. வெறும் 61 போட்டால் 3,420. 61 போட்ட கடையில் பத்தில் ஏழு நாள் யாராவது ஏமாந்து திரும்பியிருக்கிறார்கள். லாபமோ வேதவாக்குக் கடையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு.

காரணம் எளிது. ஒரு பஃப்ஸ் கூடுதலாகப் போட்டு மிஞ்சினால் போவது 14, ஒன்று குறைவாகப் போட்டு விட்டுப்போனால் இழப்பது 6. இரண்டும் சேர்ந்து 20. அதில் 6 என்பது பத்தில் மூன்று பங்கு. பத்து நாளில் மூன்று நாள் கேட்பு எந்த அளவுக்குள் நிற்கிறதோ அந்த அளவு போட்டால் போதும். மேலாண்மைப் பாடநூல்களில் இதற்குப் பத்திரிகை விற்பவர் கணக்கு என்று பெயர். மாலைப் பத்திரிகையும் மறுநாள் காலை எடைக்குத்தான் போகும்.

"பஃப்ஸ் இல்லைன்னா அவன் டீயும் குடிக்காமப் போவானே?" போவான். டீயில் 5 ரூபாய் லாபம் என்றால், விட்டுப்போகும் இழப்பு 6 அல்ல, 11. இப்போது 25க்கு 11. 70 பஃப்ஸ் போடலாம். "ஒரு தடவை ஏமாந்தவன் எதிர்க்கடைக்கே நிரந்தரமாப் போயிட்டா?" அதற்கும் ஒரு ரூபாய் மதிப்பு வையுங்கள், எண்ணிக்கை இன்னும் ஏறும். கல்லாக்காரர் சொல்லும் ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் இந்தக் கணக்கில் உட்கார இடம் உண்டு. இடமில்லாதது 'வந்தவன் திரும்பக் கூடாது' என்ற ஒற்றை வாக்கியத்துக்குத்தான். அது ஒரு வாடிக்கையாளரின் மதிப்பைக் கேட்காமலேயே எல்லையில்லாதது என்று எடுத்துக்கொள்கிறது.

பத்து நாள் எண்ணை வைத்துக்கொண்டு என்ன புள்ளியியல், அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரன் சமாச்சாரம் என்பார்கள். சிறிய மாதிரிகளுக்கான புள்ளியியல் பிறந்ததே ஒரு வியாபார இடத்தில்தான். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலைபார்த்த வில்லியம் கோஸெட், பார்லியிலும் ஹாப்ஸிலும் நாலைந்து சோதனைகளுக்குமேல் செய்ய வசதியில்லாத நிலையில், அவ்வளவு குறைந்த எண்களை எவ்வளவு நம்பலாம் என்று கண்டுபிடிக்கப் புறப்பட்டார். 1908இல் வந்த அவருடைய கட்டுரையில் அவர் பெயர் இல்லை. ஆலையின் கட்டுப்பாடு காரணமாக 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் எழுதினார். இன்று உலகமெங்கும் கல்லூரிகளில் நடத்தப்படும் டி-சோதனை அதுதான். பேக்கரிக்காரர் டி-சோதனை போடத் தேவையில்லை. பள்ளி நாளையும் லீவு நாளையும் தனித்தனியாக எழுதினாலே போதும். பாதிப் புதிர் தீர்ந்துவிடும்.

கடன் கணக்குக்கு வருவோம், ஏனென்றால் 'அனுபவம்' அதிகமாகச் சறுக்குவது இங்கேதான். தண்டல் என்றால் எல்லோருக்கும் தெரியும். 10,000 ரூபாய்க் கடன், 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில், தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள். "வட்டி பதினஞ்சு பர்சென்ட்" என்று கொடுப்பவரும் சொல்கிறார், வாங்குபவரும் சொல்கிறார். தினமும் அசல் திரும்பிப் போய்க்கொண்டே இருப்பதால், நூறு நாளில் சராசரியாகக் கையில் இருந்தது 4,500 ரூபாய் அளவுதான். அதற்கு நூறு நாளில் 1,500 வட்டி. ஆண்டுக்கு 120 விழுக்காட்டை ஒட்டி வரும், அதுவும் கூட்டு வட்டி சேர்க்காமல்.

உடனே 'கொள்ளை, வாங்காதே' என்று உபதேசிக்கக் கணக்கு இடம் தரவில்லை என்பது இதில் சுவாரசியம். விடியற்காலை மார்க்கெட்டில் எட்டாயிரத்துக்குக் காய் எடுத்து இரவுக்குள் விற்று முடிக்கும் தள்ளுவண்டிக்காரருக்கு, வாடல் வதங்கல் போக நூற்றுக்குப் பத்து நின்றாலும் நாளைக்கு 800 ரூபாய். தண்டலுக்கு 100 போகிறது. அவர் பணம் ஆண்டில் முந்நூறு தடவை புரளுகிறது. 120 விழுக்காட்டை அது தாங்கும். அதே தண்டலில் ஓவர்லாக் மிஷின் வாங்குபவருக்குப் பணம் மூன்று வருடம் கழித்துத்தான் திரும்பும். அவர் தாங்கமாட்டார். வட்டி எவ்வளவு என்று கேட்பதோடு, இந்தத் தொழிலில் பணம் எத்தனை தடவை புரளும் என்று கேட்காதவர் இருவருக்கும் ஒரே அறிவுரை சொல்வார். ஃபிளாட் வட்டி 10 விழுக்காடு என்று மூன்று வருடத்துக்கு வாங்கும் வண்டிக்கடன், குறையும் நிலுவையில் பார்த்தால் 18ஐத் தொடும் என்பதும் இதே வகை. 2024 அக்டோபரிலிருந்து சில்லறைக் கடன்களுக்கும் சிறுதொழில் கடன்களுக்கும் ஆண்டு மொத்தச் செலவு விகிதத்தை ஒரு தாளில் எழுதித் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கிவிட்டது. அந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் இன்னும் அதிகம்.

'டர்ன்ஓவர் ஏறினா எல்லாம் சரியாயிடும்' என்பதும் ஒரு மனக்கணக்கே. மாதம் 10 லட்சத்துக்கு 90 நாள் கடனில் விற்பவருக்கு வெளியே நிற்பது 30 லட்சம். விற்பனையை இரட்டித்தால் 60 லட்சம். லாபம் நூற்றுக்கு எட்டு, வாங்குவதெல்லாம் ரொக்கத்துக்கு என்றால், இந்தப் புது 30 லட்சத்துக்காக அவர் கையிலிருந்து இறங்கவேண்டியது 27.6 லட்சம். இரட்டித்த பிறகும் மாத லாபம் 1.6 லட்சம்தான். பதினேழு மாத லாபத்தை முன்கூட்டியே யாரிடமாவது வாங்கினால்தான் இந்த வளர்ச்சி சாத்தியம். பில் போட்ட மாதத்துக்கான ஜிஎஸ்டியை வசூல் வருவதற்கு முன்பே கட்டவேண்டியிருப்பது தனி. சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டியைக் கூட்டு வட்டியாகத் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பெரிய பார்ட்டியிடம் அந்த வட்டியைக் கேட்டு வாங்கியவரை நான் பார்த்ததில்லை. ஆர்டர் புத்தகம் நிரம்பி வழியும்போது சனிக்கிழமைச் சம்பளத்துக்குக் கைமாற்றுக்கு அலைவதை 'நேரம் சரியில்லை' என்கிறார்கள். நேரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இனி அந்தப் பழமொழி. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பதை, கணக்குப் பார்க்காதே என்ற புத்திமதியாகவே பலரும் எடுத்து வீசுகிறார்கள். எனக்கு அது முறையீடாகத்தான் கேட்கிறது. கணக்குப் பார்த்ததால் நெல் குறைந்துவிடவில்லை. விலை கட்டவில்லை என்பது தெரிந்துபோனது. நெல்லுக்கான ஆதரவு விலையில் இன்றும் நடக்கும் சண்டை முழுக்கக் கணக்கியல் சண்டை. 2024-25 பருவத்துக்குச் சாதா ரக நெல்லின் உற்பத்திச் செலவு குவிண்டாலுக்கு 1,533 ரூபாய் என்று வைத்து, அதைப்போல் ஒன்றரை மடங்காக 2,300 ரூபாய் அறிவித்தார்கள். அந்த 1,533இல் விதை, உரம், கூலி போன்ற கைச்செலவும் குடும்பத்தார் உழைப்பின் மதிப்பும் அடக்கம். சொந்த நிலத்துக்கான குத்தகை மதிப்பும் சொந்த முதலுக்கான வட்டியும் சேரவில்லை. அவற்றையும் சேர்த்த செலவைப்போல் ஒன்றரை மடங்கு வேண்டும் என்பது விவசாய சங்கங்களின் கோரிக்கை. எந்த வரியைச் செலவில் எழுதுவது என்பதில்தான் கோடிக்கணக்கான குடும்பங்களின் வரும்படி தொங்குகிறது. அந்த இடத்தில் போய் உழவனிடம் கணக்குப் பார்க்காதே என்று சொல்வது யாருக்கு வசதி?

சொந்தக் கட்டடத்தில் மளிகைக்கடை வைத்து, கணவனும் மனைவியும் காலை ஆறு முதல் இரவு பத்துவரை நின்று, "வாடகையில்லை, ஆள் சம்பளமில்லை, மாசம் நாப்பதாயிரம் நிக்குது" என்பவரும் இதே வரிகளைத்தான் விட்டுவிடுகிறார். கடையை வாடகைக்கு விட்டால் எவ்வளவு, இருவரும் வேறெங்காவது வேலைக்குப் போனால் எவ்வளவு என்று எழுதிப் பார்த்தபின், கடையை மூடவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. சொந்தக் கடை என்ற மதிப்புக்காக மாதம் இவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பது அவர் உரிமை.

நம் மரபே கைராசி மரபு என்று ஒரு பேச்சு உண்டு. நகரத்தாரை மறந்தவர்கள் பேசும் பேச்சு. ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை, முதலாளி செட்டிநாட்டில். மேலாள் மூன்று வருடத் தவணைக்குப் போவார், அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை. பையன்கள் கணக்கெழுதியே வளர்ந்தார்கள். நாள்வழி, பேரேடு, ஐந்தொகை எல்லாம் அவர்களுக்கு ஆடிட்டருக்கான காகிதங்களல்ல. கடல் கடந்த கடையில் என்ன நடக்கிறது என்று முதலாளி தெரிந்துகொள்ள ஊருக்கு வரும் கணக்கைவிட்டால் வேறு கண் இல்லை. அவர்கள் அனுபவத்தை மட்டும் நம்பியிருந்தால் காரைக்குடியில் அந்த வீடுகள் நின்றிருக்காது.

எதிர்த்தரப்பின் பலமான வாதம் ஒன்று பாக்கி. கணக்குத் தெரிந்தவர்கள்தானே சத்யம் கம்பெனியைக் கவிழ்த்தார்கள்? ஆமாம். 2009 ஜனவரி 7ஆம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், ஏட்டில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஒரு காலாண்டின் இயக்க லாபம் 24 விழுக்காடு என்று காட்டியிருந்தது, உண்மையில் 3. பல்லாயிரம் பேர் அந்தக் கம்பெனிமேல் வைத்திருந்தது நல்லெண்ணமும் உள்ளுணர்வும்தான். வங்கிக்கு நேரடியாக எழுதி இருப்பைச் சரிபார்ப்பது என்ற பழைய, சலிப்பூட்டும் வேலை ஒழுங்காக நடக்கவில்லை. அங்கே குறைந்தது கணக்கு, கூடியது நம்பிக்கை.

கணக்கர்கள்மேல் முதலாளிகளுக்கு இருக்கும் அலட்சியத்துக்கு நியாயம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. மார்ச்சில் முடிந்த வருடத்தின் ஐந்தொகை செப்டம்பர், அக்டோபரில் கைக்கு வந்தால், அதை வைத்து நாளைக்கு வரும் பார்ட்டிக்கு ரேட் சொல்ல முடியாது. டேலி மென்பொருளே ஒரு வியாபாரியின் தேவையில் பிறந்தது. ஆலைகளுக்குச் சரக்கும் உதிரிபாகமும் விற்றுவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தன் கடைக்குப் பொருந்தும் கணக்கு மென்பொருள் கிடைக்காமல் மகன் பாரத்தை எழுதச் சொன்னார். 1986இல் பெங்களூரில் அந்த நிறுவனம் தொடங்கியது. நம் கம்பெனிகள் பலவற்றில் அது ஆடிட்டருக்கு டேட்டா அனுப்பும் பெட்டியாகக் கிடக்கிறது. சரக்கு எத்தனை நாள் தேங்குகிறது, எந்தப் பார்ட்டி எத்தனை நாள் இழுக்கிறார் என்பதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை.

பார்க்காததற்கு, வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. பில் போட்டதும் போடாததுமாக இரண்டு வியாபாரம் நடக்கும் இடத்தில், அதிகாரிக்கு மறைத்த எண் முதலாளிக்கும் மறைந்துவிடுகிறது. சிறிய ஆட்களுக்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவு புத்தகமே வேண்டாம் என்று வழிவிட்டது: ரொக்க விற்பனையில் நூற்றுக்கு எட்டை லாபம் என்று ஒப்புக்கொண்டால் போதும். கேள்வி கேட்பாரில்லை என்று அதைக் கொண்டாடுகிறார்கள். ரொக்கத்துக்கு 1.9 கோடி விற்கும் மொத்த மளிகைக்காரருக்கு அதன்படி லாபம் 15,20,000 ரூபாய். மொத்த வியாபாரத்தில் அவருக்கு உண்மையில் நிற்பது நூற்றுக்கு மூன்று என்றால் 5,70,000. 2025-26க்கான புதிய வரி முறையில் இரண்டாவது தொகைக்கு வரியே கிடையாது. முதல் தொகைக்கு 1,08,000 ரூபாயும் அதன்மேல் செஸ்ஸும். நிற்பது மூன்றுதான் என்று நிரூபிக்க அவர் புத்தகம் எழுதித் தணிக்கையும் செய்திருக்க வேண்டும். அவரிடம் இருப்பது அனுபவம் மட்டும்.